பாளயம் பாளயமாக: வடசென்னையில் இஸ்ரவேலரின் வனாந்தரப் பயணம் பாடமான வரலாறு

எகிப்தில் அடிமைப்பட்டிருந்த இஸ்ரவேலர் அங்கிருந்து வெளியேறி, கானான் நாட்டின் எல்லையை அடையும் வரை வனாந்தரத்தில் கழித்த நாற்பது ஆண்டுகளின் கதை, தமிழ்க் கிறிஸ்தவர்களின் வேதபாட மரபில் மிக அதிகமாகக் கற்பிக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்றாகும். வேதபாடம் என்பது ஆலயத்தில் நிகழும் பிரசங்கத்திலிருந்து வேறானது. ஒரு சிறு கூட்டம் வேதாகமத்தின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, வசனம் வசனமாக வாசித்து, கேள்வி கேட்டு, பொருள் தேடி, தன் வாழ்க்கையோடு பொருத்திப் பார்க்கும் பயிற்சியை அச்சொல் குறிக்கும். ராயபுரத்தில் தொடங்கி, தண்டையார்பேட்டை, டோல்கேட், காலடிப்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் துறைமுகத் தொழிற்பகுதியில் இப்பயிற்சி ஆலயங்களிலும், ஞாயிறு பள்ளிகளிலும், ஜெபவீடுகளிலும், வீட்டுத் திண்ணைகளிலும் தலைமுறைகளாக நடந்து வந்திருக்கிறது.

இப்பகுதிக்கும் அக்கதைக்கும் உள்ள உறவு இருவகைப்பட்டது. முதலாவது, இஸ்ரவேலரின் பயணத்தைச் சொல்லும் நூல்கள் தமிழில் திருந்திய வடிவம் பெற்ற வரலாற்றில் சென்னைக்கு முதன்மையான இடம் உண்டு. அந்த வரலாற்றின் ஓர் அத்தியாயம் திருவொற்றியூரையும் எண்ணூரையும் தாண்டி வடக்கே செல்லும் கரையோரத்தில் நிகழ்ந்தது. இரண்டாவது, ஓர் இடத்தை விட்டு வந்து இன்னோர் இடத்தில் நிலைகொள்ளாத நடுக்காலத்தில் வாழ்ந்தவர்களால் உருவான பகுதி இது. அவ்விரு காரணங்களாலும், புறப்பாட்டுக்கும் சேருமிடத்துக்கும் இடைப்பட்ட நீண்ட தங்குதல்களின் வரலாறாக வனாந்தரக் கதையைப் படிப்பதற்கு வடசென்னை பொருத்தமான இடமாகிறது என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

பயணத்தின் பதிவேடு

வனாந்தரப் பயணம் யாத்திராகமம், லேவியராகமம், எண்ணாகமம், உபாகமம் ஆகிய நான்கு நூல்களில் விரவிக் கிடக்கிறது. புறப்பட்ட மூன்றாம் மாதத்தில் மக்கள் சீனாய் மலையை அடைகின்றனர். அங்கே ஏறத்தாழ பதினொரு மாதங்கள் தங்கி, கட்டளைகளைப் பெற்று, ஆசரிப்புக் கூடாரம் எனப்படும், கழற்றிச் சுமந்துசெல்லத்தக்க வழிபாட்டிடத்தை அமைக்கின்றனர். இரண்டாம் ஆண்டின் இரண்டாம் மாதம் இருபதாம் நாள் மீண்டும் புறப்படுகின்றனர். காதேஸ்பர்னேயா என்ற இடத்திலிருந்து அனுப்பப்பட்ட பன்னிரண்டு வேவுகாரரில் பத்துப்பேர் சொன்ன செய்தி மக்களை நடுங்கச் செய்ததாலும், அவர்கள் எகிப்துக்கே திரும்பிவிடலாம் என்று பேசியதாலும், அந்தத் தலைமுறை முழுதும் வனாந்தரத்திலேயே மடியும் என்ற தீர்ப்பு வருகிறது. சீனாயின் மறுபெயரான ஓரேபிலிருந்து காதேஸ்பர்னேயாவுக்குப் பதினொரு நாள் பயணம் என்று உபாகமத்தின் தொடக்கம் குறிப்பிட, அதன் இரண்டாம் அதிகாரமோ காதேஸ்பர்னேயாவை விட்டபின் சேரேத் ஆற்றைக் கடக்கும் வரை முப்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்தன என்கிறது. பதினொரு நாள் வழியும் முப்பத்தெட்டு ஆண்டு அலைச்சலும் ஒரே நூலில் இவ்வளவு அருகருகே வைக்கப்பட்டிருப்பது வேதபாட வகுப்புகள் தவறாமல் எடுத்துக்காட்டும் முரண்.

இப்பயணத்தின் எலும்புக்கூடு எண்ணாகமம் முப்பத்து மூன்றாம் அதிகாரத்தில் உள்ளது. ராமசேசிலிருந்து புறப்பட்டு யோர்தானுக்கு அருகிலுள்ள மோவாபின் சமனான வெளிகளை அடையும் வரை மக்கள் பாளயமிறங்கிய, அதாவது கூடாரமடித்துத் தங்கிய, இடங்களை அது வரிசையாகத் தருகிறது. மரபான கணக்குப்படி அவை 42. ஓரிடத்திலிருந்து புறப்பட்டார்கள், இன்னோரிடத்தில் இறங்கினார்கள் என்ற ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வருவதால், அவசரமாகப் படிப்பவர் அந்த அதிகாரத்தைத் தாண்டிச் சென்றுவிடுவதுண்டு. ஆனால் பொறுமையாக வாசிப்பவருக்கு அதிலுள்ள ஏற்றத்தாழ்வு புலப்படும். ஏலிமுக்குப் பன்னிரண்டு நீரூற்றுகளும் எழுபது பேரீச்சமரங்களும் குறிக்கப்படுகின்றன. ரெவிதீமில் குடிக்கத் தண்ணீர் இல்லை என்பது குறிக்கப்படுகிறது. ஓர் என்னும் மலையில் நாற்பதாம் ஆண்டின் ஐந்தாம் மாதம் முதல் நாளில் மக்களை வழிநடத்திய மோசேயின் அண்ணன் ஆரோன் இறந்தது நாள் குறித்துச் சொல்லப்படுகிறது. ரித்மா, லிப்னா, ரீசா போன்ற இடங்களுக்கோ பெயரைத் தவிர ஒன்றும் இல்லை. ஒரு கதையும் எஞ்சாத அந்த இடங்களையும் ஏடு விடாமல் எழுதி வைத்திருக்கிறது. ஒரு மக்கள் கூட்டத்தின் வாழ்க்கையில் பெரும்பகுதி அப்படிப்பட்ட இடங்களில்தான் கழிந்திருக்கும் என்பதால், இந்த அதிகாரமே பயணத்தின் உண்மையான நீளத்தை உணர்த்தும் பகுதி எனலாம்.

போர்க்காலத்தில் ஒரு மொழிபெயர்ப்பு

இந்நூல்கள் அச்சுவழித் தமிழுக்கு வந்த கதை தரங்கம்பாடியில் தொடங்குகிறது. 1706இல் அங்கு வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டை 1715இல் அச்சில் முடித்தபின் பழைய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கி, ரூத்தின் புத்தகம் வரை வந்த நிலையில் 1719இல் காலமானார். ஆகவே வனாந்தரப் பயணத்தைக் கூறும் நூல்கள் முழுவதும் அவர் கைப்பட்டவையே. பணியைத் தொடர்ந்த பெஞ்சமின் சூல்ட்சே, 1723 முதல் 1728 வரை பழைய ஏற்பாட்டைப் பகுதி பகுதியாக அச்சிட்டு முடித்தார். அதற்கிடையே 1726இல் அவர் சென்னைக்கு வந்து தங்கியதால், தமிழ் வேதாகமப் பணியின் ஒரு கிளை தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்கு நகர்ந்தது.

சூல்ட்சேக்குப் பின் 1742இல் சென்னைக்கு வந்த யோகான் பிலிப் பப்ரிசியுஸ், சுமார் அரை நூற்றாண்டு இங்கேயே உழைத்து 1791இல் மறைந்தவர். முந்தைய மொழிபெயர்ப்பின் நடையில் நிறைவு காணாத அவர், தமிழறிந்தவர்களுக்கு வாசித்துக் காட்டி, கேட்டுத் திருத்தி, மீண்டும் எழுதும் முறையில் வேதாகமத்தைப் புதிதாக அமைத்தார். அப்பணி அமைதியான அறையில் நிகழவில்லை. 1746இல் பிரெஞ்சுப் படை சென்னையைக் கைப்பற்றியபோது அவர் நகரை விட்டு வடக்கே, டச்சுக்காரர் வசமிருந்த பழவேற்காட்டில் அடைக்கலம் புகுந்தார். நகரம் ஆங்கிலேயரிடம் திரும்பிய பின்னரே சபையை மீண்டும் ஒழுங்குபடுத்த முடிந்தது. 1752இல் வேப்பேரியில் ஓர் ஆலயம் மிஷனுக்குக் கிடைத்தது. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை சென்னையை முற்றுகையிட வந்தபோது வேப்பேரி சூறையாடப்பட, அவரும் அவரது மக்களும் மறுபடி பழவேற்காட்டுக்கே சென்றனர். இரு முறையும் கூரையை இழந்து, இருப்பதைச் சுமந்துகொண்டு, எப்போது திரும்புவோம் என்பது தெரியாமல் ஒரு சபை இந்த வடக்குக் கரையோரத்தில் அந்நியர் கோட்டையின் நிழலில் தங்கியது. ஐந்தாகமங்கள் எனப்படும் மோசேயின் ஐந்து நூல்களைத் தமிழில் செப்பனிட்டவர், பாளயத்தைக் கலைத்துப் புறப்படுவது இன்னதென்று தம் வாழ்விலேயே கண்டிருந்தார்.

போரே அச்சகத்தையும் கொண்டுவந்தது. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது கைப்பற்றிய அச்சுப்பொறி சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு, அரசாங்கத்துக்குத் தேவையானவற்றை முதலில் அச்சிட்டுத் தர வேண்டும் என்ற ஏற்பாட்டில் பப்ரிசியுசின் பொறுப்பில் வேப்பேரியில் வைக்கப்பட்டது. அங்கே 1770களின் தொடக்கத்தில் புதிய ஏற்பாடும், 1777 முதல் பகுதிகளாகப் பழைய ஏற்பாடும் வெளிவந்தன. பின்வந்த நூற்றாண்டில் இப்பணி நிறுவனத் தன்மை பெற்றது. 1820இல் சென்னைத் துணை வேதாகமச் சங்கம் தோன்றியது. யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் ஆறுமுக நாவலரின் துணையோடு உருவாக்கிய மொழிபெயர்ப்பு 1850இல் சென்னையில் அச்சாயிற்று. ஹென்றி பவர் தலைமையில் பல சபையினர் கூடித் திருத்திய ஐக்கிய மொழிபெயர்ப்பு 1871இல் முழுமை பெற்றது. இன்றும் வடசென்னையின் சீர்திருத்த சபைகளிலும் ஜெபவீடுகளிலும் கையில் இருப்பது பெரும்பாலும் இந்த வழியில் வந்த வேதாகமமே. மேகஸ்தம்பம், அக்கினிஸ்தம்பம், மன்னா, ஆசரிப்புக் கூடாரம் என்று குழந்தைகளும் மனப்பாடமாகச் சொல்வது அதன் மொழியைத்தான்.

கடற்கரைக்கு வந்த பாடம்

ஐக்கிய மொழிபெயர்ப்பு உருவான அதே காலத்தில், சீனாய்ப் பாலைவனம் ஐரோப்பியருக்குக் கண்ணால் காணும் நிலமாகிக்கொண்டிருந்தது. எகிப்தைத் தரைவழியாகக் கடந்து சுயேசில் கப்பலேறி இந்தியாவுக்கு வரும் வழி 1840களில் வழக்கமாயிற்று. 1869இல் சுயேஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் அதுவே பெருவழியாயிற்று. சென்னைக்கு வந்த மிஷனரிகள் பலர் அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் செங்கடலில் பயணம் செய்து, அதன் கிழக்குக் கரையில் மலைகளைப் பார்த்து வந்தவர்கள். அவர்கள் வந்து சேர்ந்த சென்னையிலோ துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட, பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகளே அலைகளைக் கிழித்து ஆட்களையும் சரக்கையும் கரைசேர்த்தன. ஆணி அறைந்த படகு அலையின் அடியில் பிளந்துவிடும் என்பதால், அடிபடும்போது வளைந்து கொடுக்கும் தைத்த படகே இக்கரைக்குப் பொருந்தியது. அப்படகுகளை ஓட்டியவர்களின் சமூகம் ராயபுரத்தில் குடியிருந்தது. பேதுருவின் தமிழ்ப் பெயரான இராயப்பரோடு இணைத்துச் சொல்லப்படும் அவ்வூரில், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படகோட்டிகள் எழுப்பிய புனித இராயப்பர் ஆலயம் இன்றும் நிற்கிறது. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியதும், 1870களில் துறைமுகம் கட்டத் தொடங்கியதும் அப்பகுதியை உழைப்பாளர் குடியிருப்பாக விரித்தன.

இக்குடியிருப்புகளில் வேதபாடத்தைப் பரப்பியவர்களில் மூவகையினர் குறிப்பிடத்தக்கவர்கள். ஒருவர் ஞாயிறு பள்ளி ஆசிரியர். 1876இல் இந்திய ஞாயிறு பள்ளி ஒன்றியம் தோன்றியபின் வயதுக்கேற்ற பாடத்திட்டமும் தேர்வும் பரவின. இன்னொருவர் பைபிள் பெண் என்று அழைக்கப்பட்ட ஊழியர். வெளியே வராத பெண்களின் வீடுகளுக்குச் சென்று வாசித்துக் காட்டுவதும் எழுத்தறிவிப்பதும் இவரது வேலை. மூன்றாமவர் மிஷன் மருத்துவப் பணியாளர். ராயபுரத்தில் ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த மருத்துவர் மெட்டில்டா மெக்ஃபெயில் 1888இல் தொடங்கிய பணி 1914இல் ரெய்னி மருத்துவமனையாக வளர்ந்தது. மிஷன் மருத்துவமனைகளில் காத்திருப்போருக்கு வேதபகுதி வாசித்து விளக்குவது அக்காலத்தின் பொதுவழக்கம்.

ஞாயிறு பள்ளியில் வனாந்தரப் பயணம் கற்பிக்கப்பட்ட முறை கண்ணுக்கு விருந்தான ஒன்று. வேதாகமத்தின் பின்னட்டையருகே அச்சிடப்பட்ட வரைபடத்தில் சிவப்புக் கோடு ராமசேசில் தொடங்கி, செங்கடலின் முனையைத் தாண்டி, சீனாய் முக்கோணத்தின் தென்கோடிக்கு இறங்கி, காதேசுக்கு ஏறி, அங்கே சுற்றிச் சுழன்று, கடைசியில் நேபோ மலைக்கு எதிரே முடியும். அதன் பக்கத்தில் இன்னொரு படம் இருக்கும்: நடுவில் ஆசரிப்புக் கூடாரம், அதைச் சுற்றி லேவியர், அதற்கப்பால் கிழக்கே யூதா, தெற்கே ரூபன், மேற்கே எப்பிராயீம், வடக்கே தாண் ஆகிய கோத்திரங்களின் கொடிகளின்கீழ் பக்கத்துக்கு மூன்றாகப் பன்னிரண்டு கோத்திரங்கள். எண்ணாகமத்தின் இரண்டாம் அதிகாரம் முழுவதும் இந்த ஒரு படத்தில் அடங்கிவிடும். விடுமுறை வேதாகமப் பள்ளிகளில் அட்டையாலும் துணியாலும் கூடாரத்தின் மாதிரியைச் செய்வதும் வழக்கம். நூறு முழ நீளமும் ஐம்பது முழ அகலமும் கொண்ட பிராகாரம், அதனுள் வெண்கலப் பலிபீடம், வெண்கலத் தொட்டி, பின்பு குத்துவிளக்கும் சமுகத்தப்ப மேஜையும் தூபபீடமும் உள்ள பரிசுத்த ஸ்தலம், திரைக்கு அப்பால் உடன்படிக்கைப் பெட்டி இருக்கும் மகா பரிசுத்த ஸ்தலம் என்று வாசலிலிருந்து உள்நோக்கிச் சொல்லிக்கொண்டே போவதில், தூண்களின் எண்ணிக்கையும் திரைகளின் நிறமும் பிள்ளைகளின் நினைவில் பதிந்துவிடும்.

கூடாரமும் கூடுகையும்

இருபதாம் நூற்றாண்டில் வனாந்தரக் கதை பாடமாக மட்டும் நில்லாமல், கூடிவாழும் வடிவமாகவும் மாறியது. பஞ்சாபில் சீக்கியக் குடும்பத்தில் 1903இல் பிறந்து கிறிஸ்தவரான பக்த் சிங், 1941இல் சென்னையில் யெகோவா ஷம்மா என்ற சபையைத் தொடங்கி, அதே ஆண்டு டிசம்பரில் பரிசுத்த சபைகூடுதல் என்னும் கூட்டத்தை நடத்தினார். லேவியராகமம் இருபத்து மூன்றாம் அதிகாரம் கூறும் பண்டிகைகளை முன்மாதிரியாகக் கொண்ட அக்கூடுகையில், பல ஊர்களிலிருந்து வந்தவர்கள் பல நாட்கள் ஒன்றாகத் தங்கி, ஒன்றாக உண்டு, ஜெபித்து, வேதம் கற்றனர். கூடாரப்பண்டிகையின் நோக்கமே, முன்னோரைக் கூடாரங்களில் குடியிருக்கச் செய்ததைச் சந்ததிகள் அறிய வேண்டும் என்பதென அந்த அதிகாரம் கூறுகிறது. பந்தலின்கீழ் பாய்விரித்துப் படுத்து, வரிசையில் உட்கார்ந்து சோறுண்டு கற்கும் முறை அந்நோக்கத்துக்கு நெருக்கமானது. பின்னாளில் பெந்தெகொஸ்தே சபைகளும் சுயாதீன ஜெபவீடுகளும் வடசென்னையின் தெருக்களில் பெருகியபோது, உபவாச ஜெபங்களிலும் கன்வென்ஷன் கூட்டங்களிலும் வனாந்தரக் கதை மையப் பொருளாயிற்று. 1947 செப்டம்பர் 27 அன்று உருவான தென்னிந்தியத் திருச்சபையின் குருசேகரங்களிலும் வீடுவீடாக நடக்கும் பகுதி ஜெபக்கூட்டங்கள் அதே பாடத்தைச் சுமந்தன.

கத்தோலிக்கரிடையே இப்பயணம் வேறொரு வாயில் வழியே நுழைந்தது. ஆண்டுக்கொருமுறை பாஸ்கா திருவிழிப்பு இரவில் வாசிக்கப்படும் பழைய ஏற்பாட்டு வாசகங்களில் கடலைக் கடந்த நிகழ்ச்சியைக் கூறும் பகுதியை மட்டும் எக்காரணத்தாலும் விட்டுவிடக் கூடாது என்பது வழிபாட்டு விதி. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் வழிபாடு தமிழுக்கு வந்தபோது அவ்வாசகம் மக்களின் மொழியில் ஒலிக்கலாயிற்று. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு அந்நூலுக்கு விடுதலைப் பயணம் என்று பெயரிட்டது. அன்பியம் எனப்படும் தெருவாரியான சிறு கூட்டங்களில் விவிலியப் பகிர்வு வழக்கமானதால், வேதபாடப் பழக்கம் இரு மரபுகளுக்கும் பொதுவாயிற்று.

ஆய்வாளர் எழுப்பிய கேள்விகள்

ஜெபவீட்டில் படிக்கப்படும் இதே கதை, கல்விப்புலத்தில் கடுமையான கேள்விகளைச் சந்தித்திருக்கிறது. 1838இல் எட்வர்ட் ராபின்சன் சீனாயில் பயணம் செய்து இடங்களை அடையாளம் காண முயன்றார்; 1868-69இல் பிரிட்டிஷ் நில அளவைக் குழு அத்தீபகற்பத்தை அளந்தது; அதில் பங்கேற்ற எட்வர்ட் ஹென்றி பாமர் தம் பயண நூலை 1871இல், அதாவது தமிழ் ஐக்கிய மொழிபெயர்ப்பு முடிந்த அதே ஆண்டில், வெளியிட்டார். 1914இல் லியோனார்ட் ஊலியும் டி. ஈ. லாரன்சும் ஆராய்ந்த வட சீனாய்ப் பகுதியின் ஐன் எல்-குதைராத் என்ற நீரூற்றுப் பகுதியே காதேஸ்பர்னேயா என்று பலர் ஏற்கின்றனர். ஆயினும் பிற்கால அகழாய்வுகளில் அங்கு கிடைத்த குடியிருப்புத் தடயங்கள் மோசேயின் காலத்துக்கு வெகு பின்னானவை. பெருந்திரளான மக்கள் சீனாயைக் கடந்ததற்கான தொல்லியல் சான்று இதுவரை கிடைக்கவில்லை. சாலொமோன் ஆலயம் கட்டத் தொடங்கியதற்கு 480 ஆண்டுகளுக்கு முன் மக்கள் வெளியேறினார்கள் என்ற முதலாம் இராஜாக்கள் நூலின் குறிப்பு கி.மு. 15ஆம் நூற்றாண்டைச் சுட்ட, ராமசேஸ் என்ற நகரின் பெயரோ 13ஆம் நூற்றாண்டைச் சுட்டுகிறது. இஸ்ரவேல் என்ற பெயரை முதன்முதலில் தாங்கிய எகிப்தியச் சான்றாகப் பொதுவாக ஏற்கப்படும் மன்னர் மெர்னெப்தாவின் கல்வெட்டு கி.மு. 1208ஐ ஒட்டியது; 1896இல் தொல்லியலாளர் பெட்ரி அதைக் கண்டெடுத்தார்.

இக்கேள்விகளை அறிந்தே, சென்னையில் வேறொரு கோணத்திலும் இப்பயணம் படிக்கப்பட்டது. கீழ்ப்பாக்கத்தில் உள்ள குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் 1980களில் தலித் இறையியல் துறையை முன்னெடுத்த அரவிந்த் நிர்மல், உபாகமம் இருபத்தாறாம் அதிகாரத்தில் இஸ்ரவேலர் முதற்பலனைப் படைக்கும்போது சொல்ல வேண்டிய அறிக்கையைத் தம் சிந்தனைக்கு அடித்தளமாக எடுத்துக்கொண்டார். தங்கள் தகப்பன் அலைந்து திரிந்தவன் என்பதில் தொடங்கி, எகிப்தின் ஒடுக்குமுறையையும் விடுதலையையும் நினைவுகூரும் அவ்வறிக்கை, ஒரு மக்கள் தம் தாழ்நிலையை மறைக்காமல் சொல்லி, அதன் வழியே தம்மை யாரென்று அறிவதற்கு வழிகாட்டுகிறது என்று அவர் வாதிட்டார். கானானை வென்றெடுப்பதில் கதையின் பொருளைத் தேடுவோர், அங்கே முன்பே வாழ்ந்த மக்களின் கதி என்ன என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அலைச்சலின் நினைவில் பொருளைத் தேடும் நிர்மலின் வாசிப்போ அயலாரை இகழ இடங்கொடாதது. அந்நியரை ஒடுக்காதே, நீயும் எகிப்தில் அந்நியனாய் இருந்தாய் என்ற கருத்து இந்நூல்களில் பலமுறை வருவது இவ்வாசிப்புக்கு வலுச்சேர்க்கிறது.

தண்ணீரும் அளவும்

இந்தத் தொழிற்பகுதியின் வரலாற்றோடு சேர்த்துப் படிக்கும்போது கதையின் மூன்று இடங்கள் தனித்து நிற்கின்றன. முதலாவது தண்ணீர். மாராவில் கசந்த நீர், ஏலிமில் ஊற்று, ரெவிதீமில் வறட்சி, காதேசில் கன்மலை நீரால் எழுந்த வழக்கு, பேயேர் என்ற இடத்தில் தலைவர்கள் தோண்டிய கிணறு என்று பாளயங்களின் பட்டியலை ஒருவர் தண்ணீரின் பட்டியலாகவே வாசிக்கலாம். சென்னைக் கோட்டைக்குக் குடிநீர் தருவதற்காக 1772இல் வடசென்னையில் ஏற்பட்டதே ஏழு கிணறு. வடக்கே மீஞ்சூரில் நகருக்காக நிலத்தடி நீர் இறைக்கப்பட, கடல்நீர் உள்ளே ஏறி நீர் உப்பாயிற்று. 2010இல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. குடத்தோடு லாரிக்குக் காத்திருந்து பழகிய தெருக்களில் மாராவின் முறுமுறுப்பை அவிசுவாசம் என்று மட்டும் விளக்கிவிட்டு நகர்வது போதாது. யாத்திராகமத்தின் அந்த இடத்தில் முறையிட்ட மக்களுக்குத் தண்டனை வரவில்லை, தண்ணீரே வந்தது என்பதையும் பாடம் சொல்ல வேண்டும்.

இரண்டாவது சுங்கம். சென்னையின் பழைய வடக்கு எல்லையில் சாலைவரி வசூலான இடம் என்பதைப் பெயரிலேயே வைத்திருக்கும் டோல்கேட்டில், எண்ணாகமம் இருபதாம் அதிகாரம் மிக நெருக்கமாகப் பேசும். ராஜபாதை வழியாகவே செல்வோம், வயல்களுக்குள் நுழையமாட்டோம், எங்கள் ஆடுமாடுகள் குடிக்கும் தண்ணீருக்கும் விலை தருவோம் என்று மோசே ஏதோம் மன்னனிடம் தூதனுப்பிக் கேட்டும், வழி மறுக்கப்படுகிறது. பணம் தருவதாகச் சொல்லியும் கடக்க முடியாத எல்லை அது. ஏதோம் இஸ்ரவேலரின் சகோதர இனம் என்பதால், அவர்களோடு போரிடாமல் சுற்றிப் போகும்படி உபாகமம் கட்டளையிடுகிறது. பயணத்தின் மிகக் களைப்பூட்டும் பகுதி அந்தச் சுற்றுவழியே. உரிமையுள்ள வழி அடைபட்டபோதும் சகோதரன் மீது கைவைக்காத பொறுமை இக்கதையின் பெரிய பாடங்களுள் ஒன்று.

மூன்றாவது அளவு. வனாந்தரத்தில் உணவாகக் கிடைத்த மன்னாவைத் தலைக்கு ஒரு ஓமர், ஏறத்தாழ இரண்டு லிட்டர், என்று சேர்க்கச் சொன்னபோது சிலர் அதிகமும் சிலர் குறைவும் சேர்த்தனர். அளந்து பார்த்தபோது அதிகம் சேர்த்தவனுக்கு மிஞ்சவுமில்லை, குறைவாகச் சேர்த்தவனுக்குக் குறையவுமில்லை. பதுக்கி வைத்தது புழுத்தது. ஆறாம் நாளில் இருமடங்கு கிடைத்ததால் ஏழாம் நாள் ஓய்வாயிற்று. உபாகமத்தின் பத்துக் கட்டளைகள் அந்த ஓய்வுக்குக் காரணமாக எகிப்தின் அடிமைத்தனத்தையே நினைவூட்டி, வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போல் இளைப்பாற வேண்டும் என்கின்றன. 1918இல் வடசென்னையின் பெரம்பூரில் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டிச் சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்தது. 1948இன் தொழிற்சாலைகள் சட்டம் வார விடுமுறையை உறுதிசெய்தது. அசோக் லேலண்டும் எம்.ஆர்.எஃப்.பும் என்ஃபீல்டும் விம்கோவும் சங்கொலியால் நாளைப் பிரித்த இவ்வூர்களில், ஓய்வுநாளின் கட்டளையை ஷிஃப்ட் முடிந்து வந்தவர்களுக்கு விளக்குவதற்கு நீண்ட முன்னுரை தேவைப்படாது.

தங்கிய இடங்களின் பாடம்

இப்பகுதியில் குடியேறியவர்களின் வரலாறும் பாளயங்களின் வரலாறே. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது பர்மாவிலிருந்து இலட்சக்கணக்கான இந்தியர் காடும் மலையும் கடந்து நடந்து வந்தனர். 1962இன் இராணுவப் புரட்சிக்கும் தொடர்ந்த நாட்டுடைமையாக்கத்துக்கும் பின், அங்கே தலைமுறைகளாக வாழ்ந்த தமிழர் கைப்பொருளை விட்டுவிட்டுக் கப்பலேறித் திரும்பினர். அவர்களில் ஒரு பகுதியினர் வியாசர்பாடியிலும் எண்ணூரை ஒட்டிய பகுதியிலும் குடியமர்த்தப்பட்டனர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வீடுகளை அழித்தபோது கரையோர மீனவர் குடும்பங்கள் திருவொற்றியூர் கார்கில் நகரின் தற்காலிகக் குடிசைகளில் நீண்ட காலம் வசித்தன. இம்மக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர் அல்லர். எனினும் அவர்களின் அனுபவத்தை அண்டை வீடாகக் கொண்டு வாழ்பவர், எண்ணாகமத்தை வாசிக்கும்போது தற்காலிகம் என்று தொடங்கிய இருப்பிடம் ஆண்டுக்கணக்கில் நீள்வதன் பொருளை நன்கு உணர்வார்.

ஆயினும் வேதபாடத்தில் இன்று மிகுந்து காணப்படும் போக்கு, எகிப்தையும் கானானையும் மட்டும் பற்றிக்கொண்டு நடுவழியைத் தாண்டிவிடுவது. புத்தாண்டு இரவில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையில் பாலும் தேனும் ஓடும் தேசம் வரும். ரித்மாவும் ரீசாவும் வருவதில்லை. கஷ்டகாலம் விரைவில் முடியும், ஆசீர்வாதம் வரும் என்ற ஒரே செய்தியாகக் கதை சுருங்கும்போது, அதன் உள்ளடக்கத்தில் பாதி கைநழுவுகிறது. கட்டளைகள் கொடுக்கப்பட்டதும், தேவன் தங்குவதற்கென்று கூடாரம் அமைந்ததும், ஆயிரம் பேருக்கும் நூறு பேருக்கும் ஐம்பது பேருக்கும் பத்துப் பேருக்கும் தலைவர்களை வைத்து வழக்கைத் தீர்க்குமாறு மாமனார் எத்திரோ மோசேக்கு ஆலோசனை சொன்னதும், உணவைச் சமமாய்ப் பங்கிடக் கற்றதும் அனைத்தும் வனாந்தரத்தில் நடந்தவை. கானானுக்குள் நுழைந்தபின் அம்மக்கள் செய்ய வேண்டியிருந்தது, வழியில் கற்றதைக் காப்பது மட்டுமே.

பவுல் அப்போஸ்தலன் கொரிந்தியருக்கு எழுதியபோது, வனாந்தரத்தில் நேர்ந்தவை பின்வருவோருக்கு எச்சரிப்பாக எழுதப்பட்டிருப்பதாகக் கூறினார். எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபம் அப்பயணத்தையே விசுவாச வாழ்க்கையின் உருவமாக விரித்தது. அவ்விரு ஆசிரியர்களும் கதையின் நடுப்பகுதியைத்தான் எடுத்தாண்டார்கள். ஆகவே வேதபாட வகுப்பு 42 பாளயங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, அங்கே தண்ணீர் இருந்ததா, யார் முறையிட்டார்கள், யார் இறந்தார்கள், எது பங்கிடப்பட்டது என்று கேட்டுப் படிக்கும் பழைய முறைக்குத் திரும்புவது, நூலுக்கும் நியாயம் செய்யும், அதை வாசிக்கும் மக்களுக்கும் நியாயம் செய்யும். துறைமுகத்திலும் ஆலையிலும் மீன்பிடித் துறையிலும் உழைத்து, இன்னும் வந்து சேராத ஒன்றை நோக்கி வாழ்கிறவர்களுக்கு, சேரும் நாள்வரை எப்படி நீதியோடும் பகிர்வோடும் சேர்ந்து வாழ்வது என்பதைக் கற்பிப்பதே இந்தப் பயணக்கதை தன் நான்கு நூல்களிலும் எடுத்துக்கொண்ட பணி.